கழகத்துப் பழைய பொருள்: எப்போது கேட்பது, எப்போது விலை போடுவது

மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஒரு நகராண்மைக் கழகத்தின் ஸ்டோரில் கிராணியாக (எழுத்தராக) வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது பட்டர்வொர்த்தில் மகளோடு இருக்கிறேன். கோயில் கமிட்டிக்காரர்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார், பிறை என்ற பக்கத்து ஊரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பையன்கள் என்று யாராவது வந்து கேட்டுக்கொண்டே இருப்பார்கள். "அக்கா, கழகத்து டிப்போவில நல்ல நாற்காலியெல்லாம் சும்மா கிடக்குதே, நமக்குக் கொடுக்க மாட்டாங்களா?"

கொடுப்பார்கள், சில சமயம் இலவசமாகவே. ஆனால் அந்தப் பொருள் எந்தக் கட்டத்தில் இருக்கும்போது போய்க் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பதில் வரும். ஒரு கட்டம் வரை கடிதத்துக்கு வேலை உண்டு. அதைத் தாண்டிவிட்டால் பணத்துக்குத்தான் வேலை. இந்த வித்தியாசம் தெரியாமல் விற்பனை நோட்டீஸ் ஒட்டிய பிறகு கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கழகத்துப் பொருள் ஒவ்வொன்றுக்கும் பதிவு உண்டு. வாங்கிய விலை 2,000 வெள்ளியோ (ரிங்கிட்) அதற்கு மேலோ என்றால் 'ஹர்தா மோடால்' என்ற மூலதனச் சொத்துப் பதிவேட்டில் ஏறும். அதற்குக் கீழே என்றால் குறைந்த மதிப்புப் பொருள்களுக்கென்று வேறு பதிவேடு. நாற்காலியின் அடியில் ஒட்டியிருக்கும் அந்த எண், நாற்காலி துருப்பிடித்துப் போனாலும் கணக்கில் உயிரோடுதான் இருக்கும். பதிவேட்டிலிருந்து முறைப்படி நீக்கும்வரை ஸ்டோர் கிராணியும் கொடுக்க முடியாது, டத்தோ பண்டாரும் (மேயர்) தன் இஷ்டத்துக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது. கணக்காய்வாளர் வந்து "பொருள் எங்கே?" என்று கேட்டால் "பழசு, கொடுத்துவிட்டோம்" என்பது பதில் ஆகாது.

இந்த நீக்கும் வேலைக்குத்தான் 'பெலுபுசான்' என்று பெயர். நோட்டீஸில் நீங்கள் தேட வேண்டிய சொல் அதுதான். மத்தியக் கருவூலத்தின் சுற்றறிக்கையில் அசையும் சொத்துகளுக்கு எழுதிய நடைமுறைதான் அடிப்படை. பினாங்கு மாநகர் கழகம், செபராங் பிறை மாநகர் கழகம், கோலாலம்பூர் மாநகர் மன்றம், எங்கே போனாலும் பாரங்களும் (படிவங்களும்) சொற்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். யார் அங்கீகாரம் கொடுப்பது, எவ்வளவு தொகைவரை என்பது மட்டும் இடத்துக்கு இடம் மாறும்.

ஆண்டுக்கு ஒரு முறையாவது எல்லாப் பொருளையும் நேரில் பார்த்துச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. அந்தச் சோதனையில்தான் 'இது உடைந்தது, இது தேவைக்கு மேல் இருக்கிறது' என்று பட்டியல் பிறக்கும். உடைந்தால்தான் கழிக்க வேண்டும் என்று இல்லை. பழுது பார்ப்பது கட்டுப்படியாகாது, உதிரிப் பாகம் சந்தையில் இல்லை, தொழில்நுட்பம் மாறிவிட்டது, தேவைக்கு அதிகம் என்று ஏற்றுக்கொள்ளப்பட்ட காரணங்கள் பல. நமக்கு வேண்டியது கடைசிக் காரணம். 'மெலெபிஹி கெபெர்லுவான்' என்று எழுதியிருந்தால் பொருள் நன்றாக இருக்க வாய்ப்பு உண்டு. அலுவலகம் இடம் மாறும்போதும், பொது மண்டபத்தைப் புதுப்பிக்கும்போதும் இப்படிப் பொருள்கள் வந்து குவியும்.

பட்டியல் தயாரானதும் 'லெம்பாகா பெமெரிக்சா' என்ற ஆய்வுக் குழு வரும். குறைந்தது இரண்டு பேர். அந்தப் பொருளை நேரடியாகக் கையாள்பவர்கள் அதில் இருக்கக் கூடாது. வண்டி, இயந்திரம் என்றால் அதற்கு முன்பே தகுதியுள்ள தொழில்நுட்ப அதிகாரி ஒருவர் பார்த்துச் சான்றிதழ் தர வேண்டும். ஆய்வுக் குழு பொருளைப் பார்த்து, இன்றைய மதிப்பைக் கணித்து, எந்த வழியில் கழிக்கலாம் என்று பரிந்துரை எழுதும். விற்பதா, வேறு அரசு அமைப்புக்குக் கைமாற்றுவதா, அன்பளிப்பாகக் கொடுப்பதா, அழிப்பதா? அங்கீகாரம் தருபவர் பெரும்பாலும் அந்தப் பரிந்துரையை ஒட்டித்தான் கையெழுத்துப் போடுவார். ஆகவே உங்கள் கடிதம் அந்தக் குழு உட்காருவதற்கு முன்பே கோப்பில் இருக்க வேண்டும். 'விற்பனை' என்று எழுதி அங்கீகாரம் வாங்கிய பிறகு அதை 'அன்பளிப்பு' என்று மாற்ற வேண்டுமானால் முழுக் கோப்பையும் திருப்பி அனுப்ப வேண்டும். எந்த அதிகாரியும் அதற்காக மெனக்கெட மாட்டார், நானும் மெனக்கெட்டதில்லை.

கேட்டு வாங்குவது

அன்பளிப்புக்கு 'ஹாடியா' என்று பெயர். பதிவு பெற்ற சங்கம், அறநிறுவனம், பள்ளி ஆகியவை கேட்கலாம். தனிமனிதர் தன் வீட்டுக்குக் கேட்க முடியாது, கடைக்கும் முடியாது. கோயில் கமிட்டி என்றால் சங்கப் பதிவிலாகாவின் பதிவுச் சான்றிதழ் நகல் வேண்டும். பதிவு புதுப்பிக்காமல் ஆண்டறிக்கை அனுப்பாமல் கிடக்கும் சங்கங்கள் முதலில் அதைச் சரிசெய்துகொள்ளட்டும்.

கடிதம் மலாயில், ஒரே பக்கம். டத்தோ பண்டாருக்கு முகவரியிட்டு, சொத்து நிர்வாகப் பிரிவுக்கு ஒரு நகல். "ஏதாவது உதவி செய்யுங்கள்" என்று எழுதாதீர்கள். அந்தக் கடிதம் பதில் கடிதம் ஒன்றோடு முடிந்துவிடும். நாற்காலி 40, மடக்கு மேசை 6, இரும்பு அலமாரி 2 என்று எழுதுங்கள். எதற்கு, எந்த மண்டபத்துக்கு, எத்தனை பேர் பயன்படுத்துவார்கள் என்பதை இரண்டு வரியில் சொல்லுங்கள். மண்டபத்தின் படம் ஒன்று சேருங்கள். பிறகு அதிகாரியின் மனத்தை இளக்கும் வரி ஒன்று உண்டு: இருக்கும் நிலையிலேயே ஏற்றுக்கொள்கிறோம், ஏற்றிச் செல்லும் செலவு எங்களுடையது, தேதி சொன்னால் அன்றே வந்து எடுத்துக்கொள்கிறோம். ஸ்டோரில் இருப்பவர்களுக்கு இடம் காலியாவதுதான் பெரிய விஷயம். இனாமாகக் கேட்டுவிட்டு 'வீட்டு வாசலில் இறக்கிக் கொடுங்கள்' என்று சொன்ன சங்கத்தின் பெயர் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கடிதம் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டாம். சொத்துப் பிரிவைத் தொலைபேசியில் அழைத்து, இந்த ஆண்டுக் கழிவுப் பட்டியலுக்கு ஆய்வுக் குழு எப்போது உட்காருகிறது என்று கேளுங்கள். அது இரகசியம் இல்லை. உங்கள் வட்டாரத்துக் கவுன்சிலரிடமும் ஒரு நகல் கொடுங்கள். அவர் உத்தரவு போட முடியாது, ஆனால் கோப்பு எங்கே தூங்குகிறது என்று கேட்க முடியும்.

தமிழ்ப்பள்ளிக்காகக் கேட்பவர்களுக்குத் தனியாக ஒன்று. பள்ளியின் பெயரில் வாங்கினால் தலைமையாசிரியர் அதைப் பள்ளியின் சொத்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டியிருக்கும். நாளைக்கு அந்த நாற்காலியின் கால் உடைந்தால் அவரும் இதே பெலுபுசான் பாரங்களை நிரப்ப வேண்டும். பாவம், அவருக்கு இருக்கும் வேலை போதாதா? பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பெயரில் கேட்க முடியுமானால் அப்படிக் கேளுங்கள். தலைமையாசிரியரோடு பேசாமல் எதையும் அனுப்ப வேண்டாம்.

அங்கீகாரம் கிடைத்தால் கையளிப்பு நிகழ்வு வைப்பார்கள். 6 மேசைக்கு 15 பேர் நின்று படம் எடுப்பார்கள். நின்றுவிட்டு வாருங்கள்.

விலை போட்டு வாங்குவது

நோட்டீஸ் வெளியான பிறகு எல்லாருக்கும் ஒரே வாசல்தான். விற்பனை மூன்று விதம்: பெரிய மதிப்புக்குத் தெண்டர், சிறியதற்கு 'செபுட் ஹர்கா' என்ற விலைப்புள்ளி, அப்புறம் நேரில் கத்தி ஏலம் எடுக்கும் லெலோங். கழகத்தின் இணையப் பக்கத்தில் தெண்டர், விலைப்புள்ளிப் பகுதியைப் பாருங்கள். அதிலேயே பொருள் வாங்கும் அழைப்பும் விற்கும் அழைப்பும் கலந்து கிடக்கும், ஆகவே தலைப்பை முழுதாகப் படிக்க வேண்டும். ஜோர்ஜ்டவுன் கொம்தார் கட்டடத்திலும் புக்கிட் மெர்தாஜாம் பண்டார் பெர்டாவிலும் உள்ள கழக அலுவலகங்களுக்குப் போகும்போது அறிவிப்புப் பலகையையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

பொருளைப் பார்வையிட நாள் குறித்திருப்பார்கள். போகாமல் விலை போட வேண்டாம். கழகம் விற்பது 'எங்கே இருக்கிறதோ அங்கே, எப்படி இருக்கிறதோ அப்படி' என்ற நிபந்தனையில்தான். பின்னால் வந்து மோட்டார் ஓடவில்லை என்று சொல்ல முடியாது.

போகும்போது டார்ச் லைட், கையுறை, கைப்பேசி, அளக்கும் டேப் கொண்டு போங்கள். மேசை, அலமாரி என்றால் முன்வரிசையை மட்டும் பார்க்காதீர்கள். பொருள்கள் குவியல் குவியலாகத்தான் விற்பனைக்கு வரும். ஒரு குவியலில் நல்ல நாற்காலியோடு உடைந்த நாற்காலி, துருப்பிடித்த அலமாரி, கரையான் அரித்த பலகை எல்லாம் சேர்ந்திருக்கும். குவியலை எடுத்தவர் முழுவதையும் அள்ளிக்கொண்டு இடத்தைச் சுத்தமாக விட வேண்டும். நல்லதை மட்டும் பொறுக்கிக்கொண்டு போனால் விலை போடும்போது கட்டிய முன்பணம் போய்விடும்.

எனவே கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். ஒரு குவியலில் 60 நாற்காலி, அதில் உட்காரத் தகுந்தது 40 என்று வைத்துக்கொள்வோம். ஒன்று உங்களுக்கு 15 வெள்ளி பெறும் என்றால் மொத்தம் 600. லோரி வாடகை 300, தூக்க இரண்டு ஆளுக்கு 160. மிச்சம் 140. உடைந்ததைப் பழைய இரும்புக் கடையில் போட்டால் ஏதோ கொஞ்சம் தேறும். ஆக அந்தக் குவியலுக்கு 200 வெள்ளி போடுவது மலிவு அல்ல, நஷ்டம். 'அரசாங்கப் பொருள், சும்மா விலை' என்று கிளம்புபவர்கள் லோரியைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

பொருள் பினாங்குத் தீவிலும் நீங்கள் பெருநிலத்திலும் இருந்தால் லோரி பாலம் வழியாகத்தான் வர வேண்டும். 2023-இல் வந்த புதிய பெரிப் படகுகள் பயணிகளையும் மோட்டார் சைக்கிளையும் சைக்கிளையும்தான் ஏற்றும். பாலத்தில் தீவுக்குப் போகும் பக்கம் மட்டும் டோல் என்பதால், காலி லோரிக்குக் கட்டணம் கட்டிவிட்டுப் பாரத்தோடு சும்மா வரலாம். லோரிக்காரர் இரண்டு பக்கமும் டோல் என்று கணக்குச் சொன்னால் சிரித்துவிட்டு மறுத்துவிடுங்கள்.

விலைப்புள்ளிப் பாரம் நிரப்புவதில் சிக்கல் இல்லை, கவனம்தான் வேண்டும். விலையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுங்கள், இரண்டும் ஒன்றாக இருக்கட்டும். அடித்துத் திருத்தினால் பக்கத்தில் கையெழுத்து. ஒவ்வொரு குவியலுக்கும் தனி எண் இருந்தால் தனி விலை. உறையில் விலைப்புள்ளி எண் இருக்க வேண்டும். வெளியே உங்கள் பெயரை எழுதச் சொல்லியிருக்கிறார்களா, கூடாது என்றிருக்கிறார்களா என்று படித்துப் பாருங்கள். முன்பணம் எத்தனை விழுக்காடு, எந்த வடிவில் என்பதும் அதே தாளில் இருக்கும். தோற்றவர்களுக்கு அது திரும்பி வரும். நேரம் 12 மணி என்றால் 12 மணிதான். 12:05-க்கு வந்து பெட்டியை முறைத்துப் பார்த்தவர்களில் என் சொந்தக்காரர் ஒருவரும் உண்டு, நான் வாயைத் திறக்கவில்லை.

வண்டி வாங்க நினைப்பவர்களுக்கு

தம்பிமார்களுக்கு ஆசையெல்லாம் வண்டியில்தான். கழகத்து வேன், பிக்கப், அமலாக்கப் பிரிவின் மோட்டார் சைக்கிள். வெளியே பெயிண்ட் நன்றாக இருக்கும், ஏனெனில் ஓடியது குறைவு. அதுவே பிரச்சினை. அங்கீகாரத்துக்காகத் திறந்த வெளியில் நீண்ட நாள் நின்ற வண்டியில் பேட்டரி செத்திருக்கும், வயரை எலி கடித்திருக்கும், டயர் வெடித்திருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு வண்டிக்காகச் சாமான் கழற்றியிருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். பானெட்டைத் திறந்து பார்த்து, இல்லாததைப் பட்டியல் போடுங்கள். சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் நோட்டீஸில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியம், வண்டி எப்படி விற்கப்படுகிறது என்பது. மறுபடி சாலையில் ஓடும் வண்டியாக விற்பது ஒன்று, பழைய இரும்பாக விற்பது வேறு. இரும்பாக விற்றால் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிவை ரத்து செய்துவிடுவார்கள். எவ்வளவு செலவழித்துத் தயார் செய்தாலும் அந்த எண்ணோடு அது ஓடாது. நோட்டீஸில் இதைக் குறித்த வரி சின்ன எழுத்தில் இருக்கும். ஓடும் வண்டி என்றால் வண்டித் தகுதிச் சோதனை, பெயர் மாற்றம், காப்புறுதி, சாலை வரி எல்லாம் உங்கள் செலவு. அதுவரை இழுவை வண்டியில்தான் கொண்டு போக வேண்டும். கதவில் கழகத்துச் சின்னம் ஒட்டியிருந்தால் டிப்போவை விட்டு வெளியே வருவதற்கு முன் அதை நீக்கச் சொல்லுங்கள்.

குப்பை லோரி, இரும்புக் குவியல் போன்றவை நமக்கு அல்ல. பெரும்பாலும் பழைய பொருள் வணிகர் உரிமம் உள்ளவர்களுக்குத்தான் அந்த அழைப்பு வரும். 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் போலீஸ் கொடுக்கும் உரிமம் அது. கெட்டுப்போன கணினி, பிரிண்டர், ஏர்கான் ஆகியவையும் அப்படித்தான். மின்னணுக் கழிவு என்பது எஸ்.டபிள்யூ. 110 என்ற குறியீட்டில் அட்டவணைக் கழிவாக இருப்பதால் சுற்றுச்சூழல் இலாகாவின் உரிமம் பெற்ற நிலையத்துக்குத்தான் போகும். ஈய அமிலப் பேட்டரியும் அதே பட்டியலில் உண்டு. பள்ளிக்குக் கணினி வேண்டுமென்றால் ஓடக்கூடிய நிலையில் உள்ளதை, மேலே சொன்னபடி கடிதம் எழுதித்தான் கேட்க வேண்டும்.

கழகம் விற்பதெல்லாம் கழகத்துச் சொத்து அல்ல. தெருவை மறைத்ததற்காக இழுத்து வந்த கேட்பாரற்ற வண்டிகளும், பறிமுதல் செய்த கடைச் சாமான்களும் ஏலத்துக்கு வரும். வீடு, கடைகளுக்கான மதிப்பீட்டு வரி கட்டாதவர்களிடம் வாரண்டு போட்டு எடுத்த பொருளும் வரும். அவற்றுக்கு வேறு சட்டம், வேறு நோட்டீஸ். வரி பாக்கிக்காக எடுத்த பொருளை உரிமையாளர் பணம் கட்டிக் கடைசி நேரத்தில் மீட்டுக்கொள்ளவும் முடியும், ஆகவே ஏலத்துக்குக் கிளம்பும் காலையில் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். நிலமும் கட்டடமும் முற்றிலும் வேறு கதை. மாநில அரசு, நிலச் சட்டம் என்று அது நீளும், இங்கே பேசவில்லை.

கழகத்தில் வேலை செய்யும் மச்சான் இருக்கிறார், குறைந்தபட்ச விலையைக் கேட்டுச் சொல்வார் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2009-ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பதவியைப் பயன்படுத்தித் தனக்கோ உறவினருக்கோ பலன் தேடுவதைக் குற்றமாக்குகிறது. உங்களுக்கு மிச்சமாவது நூறு வெள்ளி, மச்சானுக்குப் போவது வேலையும் ஓய்வூதியமும். வாட்ஸ்ஆப்பிலும் பேஸ்புக்கிலும் 'அரசாங்க வண்டி லெலோங், முன்பதிவுக்கு இவ்வளவு' என்று சுற்றி வரும் படங்களையும் நம்ப வேண்டாம். தனியார் ஒருவரின் வங்கிக் கணக்குக்குக் கழகத்து முன்பணம் போகாது. கழகத்து முகப்பிலோ அதன் அதிகாரபூர்வக் கணக்கிலோ கட்டி ரசீது வாங்கினால்தான் அது பணம்.

வென்றால் கடிதம் வரும். அதில் மீதிப் பணத்துக்கு ஒரு கெடு, பொருளை எடுக்க ஒரு கெடு. இரண்டாவதைத்தான் பலரும் தவறவிடுவார்கள். லோரியை முதலிலேயே பேசிவைத்துவிட்டுப் பணம் கட்டுங்கள். எடுக்கும் நாளில் ரசீது, வெற்றிக் கடிதம், அடையாள அட்டை மூன்றும் கையில் இருக்கட்டும். டிப்போ வாசலில் காவலர் பட்டியலைப் பார்த்து எண்ணித்தான் விடுவார். அவர் எண்ணும்போது நீங்களும் கூடவே எண்ணுங்கள். வெளியேறும் சீட்டில் அவர் கையெழுத்துப் போட்டதும் ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். நாற்காலியின் அடியில் அந்தப் பழைய எண் ஒட்டியபடியே இருந்தால், யாராவது வந்து கேட்கும் நாளில் காட்ட அந்த நகல்தான் இருக்கும்.